எட்டு மணிக்கு மேல்

அக்டோபர் 5, ஞாயிறு

காலையும் மாலையும் என் வீட்டுக்காரர் விரலில் கருவியை மாட்டி, அது காட்டும் ஆக்சிஜன் அளவை நோட்டில் குறித்து வரும்படி டாக்டர் சொல்லியிருக்கிறார். குறித்து வருகிறேன். எண்ணை எழுதிய பிறகும் பக்கத்தில் இடம் மிஞ்சுகிறது. வேலையிலிருந்து லீவு எடுத்து மூன்று மாதமாகிறது. பேச ஆளில்லை. மிஞ்சுகிற இடத்தில் எழுதலாம் என்று தோன்றியது.

அவருக்கு நுரையீரல் நாராகிக்கொண்டு வருகிறது. மதுரை டவுன் பஸ்ஸில் கண்டக்டராக நின்றே காலம் தள்ளிய மனிதருக்கு இப்போது கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்தாலே மூச்சு இரைக்கிறது. முன்னறையில் ஜன்னலோரம் கட்டில். பக்கத்தில் வாடகைக்கு எடுத்த ஆக்சிஜன் மிஷின்.

நேற்று எதிர்வீட்டுப் பூமிராஜன் ஓடி வந்தான். ஜோதியின் மகன். ஜோதி புருஷனை இழந்தவள், இடியாப்பம் அவித்து விற்கிறாள். பையனுக்குப் போலீஸ் வேலைக்கான பரீட்சை, ஓட்டம், கயிறு ஏறுவது எல்லாம் தேறிவிட்டதாம். நடத்தை விசாரணை ஒன்றுதான் பாக்கி. அதைக் கேட்டதும் இவர் மாஸ்க்கைக் கழற்றி எறிந்துவிட்டு, விரலை வாயில் மடித்து விசிலடிக்கப் பார்த்தார். விசில் வரவில்லை. இருமல் வந்தது. நிற்கவே மாட்டேனென்றது.

இன்று பூமியைத் தெருவிலேயே நிறுத்தி, இனி வீட்டுக்குள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஊரெல்லாம் சுற்றுகிற பிள்ளை, கிருமி ஒட்டும். டாக்டரே ஆட்களைக் குறைக்கச் சொன்னார். "சரிங்கத்தை" என்றான். முகம் சுண்டிவிட்டது. நான் என்ன செய்ய முடியும்?

அவனுக்கு சைக்கிள் பழக்கியது இவர்தான். ஓட்டப் பயிற்சிக்கு விடிகாலையில் எழுப்பிவிட்டதும் இவர்தான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

அக்டோபர் 8, புதன்

முருங்கைக்கீரை சூப் வைத்தேன். நான் ஊட்டியதில் நாலு கரண்டி குடித்தார். போன வாரம் பூமி கொடுத்தபோது டம்ளர் காலியானது.

அக்டோபர் 12, ஞாயிறு

தீபாவளிக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது. பிள்ளையார் கோயில் முன்னால் தெருக்காரர்கள் கூடினார்கள். நான்தான் கேட்டுக்கொண்டேன். புகை பட்டால் அவர் தாங்கமாட்டார்.

கேபிள் டிவி ராஜாங்கம்தான் தெருச் சங்கத் தலைவர். எடுத்த எடுப்பிலேயே, "வருசத்துல ஒரு நா. அதுலயும் காலைல ஒரு மணி நேரம், சாயங்காலம் ஏழுலேருந்து எட்டுன்னு கவர்மெண்டுல அளந்து குடுத்துட்டாங்க. அதையும் நீங்க வாங்கிக்கிட்டா பிள்ளைக எங்கிட்டுப் போகும்?" என்றார்.

ஸ்டெல்லா டீச்சர் விடவில்லை. "அந்த நேரத்துக்குள்ள யாருங்க போட்டது? போன வருசம் பொழுதுக்கும் வெடிச்சுத் தள்ளுனீங்க. எங்க டைகர் கட்டிலுக்கு அடியில போயி ஒண்டுனது, மூணு நா சோறு எடுக்கல."

"நாய்க்காக மனுசன் தீவாளி கும்பிடாம இருக்கணுமாக்கும்?"

"சத்தமே இல்லாம என்ன தீவாளி? இழவு வீடா?" என்றது ஒரு குரல். யாரென்று தெரியவில்லை.

கடைசி வீட்டு மருமகள் சிவகாசிப் பக்கம். "எங்க அண்ணன் குடும்பமே அதுலதான் கஞ்சி குடிக்குது. ஆளாளுக்கு வேணாம் வேணாம்னா அவுக என்னத்தச் செய்வாக?" என்று கேட்டாள். அவள் கேட்டதிலும் தப்பில்லை.

நான் எழுந்தேன். "எங்க வீட்ல அவுகளுக்கு மூச்சே மிஷின்லதான்..." என்றேன். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். ஆனால் யாரும் சரி என்று சொல்லவில்லை.

அப்போது பூமி பின்னாலிருந்து பேசினான். "வீட்டு முன்னாடி யாரும் போட வேணாம். வாட்டர் டேங்க் பக்கம் காலி எடத்துல போடுவோம். சொன்ன நேரத்துல மட்டும். பொகை அங்கிட்டே போயிரும். மாமாவுக்காக இந்த ஒரு வருசம்."

ராஜாங்கம், "சரிப்பா. அழகுமலை அண்ணனுக்காக" என்றார். கூட்டம் கலைந்தது.

நான் கேட்டுக் கிடைக்காதது அவன் கேட்டுக் கிடைத்தது. எப்படியோ, கிடைத்ததே.

அக்டோபர் 14, செவ்வாய்

தெருவில் முடிவானதை அவரிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"தெருவே... எனக்காக... கைய கட்டிக்கிட்டு நிக்கணுமா?" என்றார்.

"உங்களுக்கு ஆகாதுல்ல?"

"ஆகாதுன்னு ஆனதுக்கப்புறம்... இது ஒண்ணுல என்ன?" கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "நீ வெளிய எறங்கி எத்தன நாளாச்சு?"

கூட்டத்துக்குப் போனேனே என்றேன். அவர் சிரித்த மாதிரி இருந்தது. மூச்சு வாங்குகிறவர்கள் எதையாவது பேசுவார்கள். எல்லாவற்றையும் மனசில் வைத்துக்கொள்ளக் கூடாது.

அக்டோபர் 17, வெள்ளி

பழைய வேட்டிகளையும் போர்வையையும் துவைத்து வைத்தேன். தீபாவளியன்று நனைத்து ஜன்னலில் தொங்கவிட வேண்டும். கதவு இடுக்கில் செருகத் துணி தனியாக. முறுக்கு சுடவில்லை. எண்ணெய்ப் புகை.

அவர் போனைக் கையைவிட்டு வைப்பதில்லை. நான் கடைக்குப் போய் வந்தால் தலையணைக்கு அடியில் தள்ளுகிறார். பேச மூச்சில்லை, போன் எதற்கு?

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

அவர் உச்சந்தலையில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் வைத்தேன். குளிக்கவைக்க முடியாது. வெந்நீரில் துணி நனைத்துத் துடைத்துப் புதுச் சட்டை போட்டுவிட்டேன். தோள் எலும்பில் மாட்டித் தொங்கியது.

காலையில் தெருக்காரர்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். டேங்க் பக்கமிருந்துதான் சத்தம் வந்தது. மாலையிலும் அப்படியே. ஏழு மணிக்கு முன்பே ஈரத் துணிகளைத் தொங்கவிட்டு விளக்கை அணைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எட்டு மணி தாண்டியதும் ஊர் அடங்கியது. இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துத் துணிகளை எடுத்து ஜன்னலைத் திறந்தேன். காற்றில் கந்தக வாடை அவ்வளவாக இல்லை. அப்பாடா என்று சமையலறைக்குப் போய்க் கஞ்சியைச் சூடாக்கினேன்.

திடீரென்று ஜன்னல் பக்கம் வெடித்தது. ஓடி வந்தேன். எதிர்வீட்டு மொட்டை மாடியிலிருந்து வாணம் ஏறிக்கொண்டிருந்தது. ஒன்று, அதன்பின் இன்னொன்று. மேலே போய் வெடிக்கிற வகை. மாடியில் யாரோ நிற்பது தெரிந்தது. இருட்டில் யாரென்று அடையாளம் தெரியவில்லை.

இவர் மாஸ்க்கை இழுத்துக் கழற்றிக்கொண்டிருந்தார். புகை மூச்சுக்குள் போய்விட்டது போலிருக்கிறது. கண்ணில் நீர். ஒரு கையை ஜன்னலை நோக்கி ஆட்டி ஆட்டிக் காட்டினார். என்னைக் கூப்பிட்டார். மூடச் சொல்கிறார் என்று ஜன்னலுக்கு ஓடினேன். நான் கதவில் கை வைத்ததும் எல்லாவற்றிலும் பெரியது ஒன்று கிளம்பியது. என்னைப் பார்த்துவிட்டே கொளுத்தின மாதிரி இருந்தது. படீரென்று சாத்தினேன். கண்ணாடி அதிர்ந்தது.

உடனே போலீஸுக்கு, நூறுக்குப் போன் செய்தேன். தெருப் பேர், கதவு எண் எல்லாம் சொன்னேன். உள்ளே ஆக்சிஜன் வைத்த நோயாளி இருக்கிறார் என்றும் சொன்னேன். இத்தனை நாள் பொத்திப் பொத்தி வைத்த உயிர்.

அவர் மறுபடியும் மாஸ்க்கைக் கழற்றினார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். "பேசாதீங்க, ஒண்ணும் பேசாதீங்க" என்று பிடித்து மாட்டிவிட்டேன். மூன்று தடவை கழற்றினார். மூன்று தடவையும் மாட்டிவிட்டேன்.

ரோந்து ஜீப் பக்கத்திலேயே நின்றிருக்க வேண்டும், சீக்கிரம் வந்துவிட்டது. பூமியைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஜீப்பில் ஏறும்போது எங்கள் ஜன்னலைப் பார்த்துக் கையைத் தூக்கினான். அவ்வளவு திமிர்.

அக்டோபர் 21, செவ்வாய்

காலையில் ஜோதி வந்தாள். இரவெல்லாம் ஸ்டேஷன் வாசலில் நின்றிருக்கிறாள். பையனை விட்டுவிட்டார்கள், ஆனால் நேரம் மீறி வெடித்ததாகக் கேஸ் எழுதிவிட்டார்கள்.

"விசாரணைக்கு வர்ற நேரத்துல இப்பிடி ஆயிப்போச்சே மதினி. கேஸ் இருந்தா போலீஸ் வேலைக்கு எடுக்கமாட்டாகளாம். ஏன்டா போட்டேன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கான். அடிச்சுக்கூடக் கேட்டுட்டேன்."

நான் காபி ஆற்றிக்கொடுத்தேன்.

"யாரு மதினி சொல்லியிருப்பா? அந்த நாய்க்காரி டீச்சரா இருக்குமோ?"

"தெரியலையே ஜோதி" என்றேன்.

அவர் நேற்றிலிருந்து சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருக்கிறார். கஞ்சி வேண்டாமாம்.

அக்டோபர் 23, வியாழன்

அளவு மளமளவென்று இறங்கிவிட்டது. ஆம்புலன்ஸ் வந்தது. ஸ்ட்ரெச்சர் வாசல் திருப்பத்தில் வளையவில்லை. கேட்காமலே பூமி உள்ளே வந்து, குழந்தையைத் தூக்குவதுபோல அவரை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போனான். நான் கிருமி என்று சொல்லவில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் படுக்கையடியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மதியம் அவருக்குக் கொஞ்சம் தெளிவாக இருந்தது. மாஸ்க்கைத் தள்ளினார். மாட்டிவிடக் கை போனது. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடியில் பலமில்லை. ஆனாலும் விடவில்லை.

"பூமி மேல... தப்பில்ல."

"அதெல்லாம் இப்ப எதுக்கு?"

"நாந்தான்... போடச் சொன்னேன். போன்ல." மூச்சு வந்ததும், "எட்டுக்கு மேல... நீ ஜன்னல் துணிய எடுத்தப்புறம்" என்றார்.

இன்னொரு கையால் அவர் நெஞ்சைத் தடவிக்கொடுத்தேன்.

"அவன் மாட்டேன்னான். மாமா, நேரமாச்சுன்னான். நாந்தான்... கெஞ்சுனேன்."

இன்னும் ஏதோ இருந்தது. உதடு அசைந்தது. காதை வாயருகே கொண்டுபோனேன். காற்று மட்டும்தான் வந்தது. நர்ஸ் வந்து சத்தம் போட்டாள். மாஸ்க்கை மாட்டினாள்.

போன் செய்தது நான் என்று அவரிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும். நான் போன் பேசியது அவர் தலைமாட்டில் நின்றுதானே.

நவம்பர் 1, சனி

செவ்வாய் விடியற்காலை போய்விட்டார்.

அவருடைய தம்பி மகன் கொள்ளி வைத்தான். பூமி பாடையில் முன்கால் பிடித்தான். எங்கள் பக்கம் சாவு வீட்டிலும் வெடி போட்டுத்தான் எடுப்பார்கள். ராஜாங்கம் பை நிறைய வாங்கி வந்திருந்தார். ஆனால் பையைப் பிரிக்காமல் என்னையே பார்த்தார்.

"போடுங்கண்ணே" என்றேன்.

அவர் மற்றவர்களைப் பார்த்தார். மற்றவர்கள் பூமியைப் பார்த்தார்கள். ஒருத்தரும் தீப்பெட்டியை எடுக்கவில்லை. "வேணாம் தங்கச்சி. ஒரு கேஸ் போதும்" என்று பையைச் சுருட்டிக்கொண்டார்.

கொட்டுச் சத்தம் தெருமுனை வரை கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை. முன்னறையில் மிஷினை யாரோ அணைத்திருந்தார்கள்.

நவம்பர் 10, திங்கள்

ஸ்டேஷனுக்குப் போனேன். புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.

சப் இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார். "கேஸ் போட்டது போட்டதுதாம்மா. அன்னைக்கு இவன் ஒருத்தன் மேல மட்டுமில்ல, ஊர் பூராப் போட்டிருக்கு. மேல இருந்து உத்தரவு. கோர்ட்டுல ஃபைனக் கட்டச் சொல்லுங்க, முடிஞ்சிரும்."

"ஃபைன் கட்டினா வேலை?"

பேனாவை மூடினார். "கட்டினா தப்ப ஒத்துக்கிட்டதா ஆகும். வக்கீலப் பாருங்க."

நான் எழுந்தபோது கேட்டார். "எதிர்வீட்டுலேருந்து பேசுனது நீங்கதானே? நான்கூட அந்தப் பையன்கிட்டச் சொன்னேன், ஏன்டா, சீக்காளி இருக்க வீட்டுக்கு முன்னாடி போடலாமா, அந்தம்மாவே போன் பண்ணுச்சேன்னு. தலையக் குனிஞ்சு நின்னான். எதுத்து ஒரு வார்த்தை பேசல."

அப்படியானால் பூமிக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. அவரைத் தூக்கிக்கொண்டு ஆம்புலன்ஸுக்கு நடந்தபோதும், பாடைக்குத் தோள் கொடுத்தபோதும் அவனுக்குத் தெரியும். தாயிடம்கூடச் சொல்லவில்லை.

வெளியே வந்து ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். ஒரு போலீஸ்காரப் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

நவம்பர் 12, புதன்

ஜோதியிடம் சொல்லிவிட்டேன்.

அவள் ஈடு இறக்கிக்கொண்டிருந்தாள். நான் சொல்லச் சொல்ல தட்டிலிருந்து இடியாப்பத்தை ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் அடுக்கினாள். அவர் போடச் சொன்னார் என்பதையும் சொன்னேன். நான் போன் செய்ததையும் சொன்னேன்.

"மாடியில நின்னது என் புள்ளன்னு தெரியாதாக்கும்?"

இருட்டாயிருந்தது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "தெரியும்" என்றேன்.

"ஜன்னலத் தொறந்து, டேய் பூமி, நிறுத்துடான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பான்ல?"

"நிறுத்தியிருப்பான்."

"அப்புறம் ஏன்?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. அதைச் சொல்லக் கூசியது. இங்கே எழுதவும் கூசுகிறது. அவன் கையால் டம்ளர் காலியானதை எழுதிய பக்கத்தில் அது இருக்கிறது.

ஜோதி கூடையை ஈரத் துணியால் மூடினாள். "போயிட்டு வாங்க. யாவார நேரம்" என்றாள். மதினி என்று சொல்லவில்லை.

டிசம்பர் 11, வியாழன்

கோர்ட். ராஜாங்கம் வக்கீல் பிடித்துக் கொடுத்திருந்தார். ஜோதி ஒரு மூலையிலும் நான் ஒரு மூலையிலும் நின்றோம்.

மாஜிஸ்திரேட் சின்ன வயதுப் பெண். "நீங்கதான் போன் பண்ணீங்க. இப்ப ஏன் மாத்திப் பேசுறீங்க?" என்று கேட்டார்.

"மாத்தலைங்கம்மா. அன்னைக்குத் தெரிஞ்சத அன்னைக்குச் சொன்னேன். இன்னைக்குத் தெரிஞ்சத இன்னைக்குச் சொல்றேன். அந்தப் பையன் தானாப் போடல. எங்க வீட்டுக்காரர் கேட்டுக்கிட்டுத்தான் போட்டான்."

"அவர் வந்திருக்காரா?"

"இல்லைங்கம்மா. தவறிட்டார்."

மாஜிஸ்திரேட் காகிதத்தில் எதையோ குறித்தார். யார் கேட்டாலும் எட்டு மணிக்கு மேல் என்றால் மேல்தான் என்றார். அபராதம் போடவில்லை, எச்சரித்து அனுப்பிவிட்டார். ஆனால் கேஸ் நடந்தது நடந்ததாகத்தான் இருக்குமாம். பயிற்சிக்குப் போகிறவர்கள் பட்டியல் போன வாரமே வந்துவிட்டது. பூமி பேர் அதில் இல்லை.

திரும்பும்போது ஜோதி ராஜாங்கத்தோடு ஆட்டோவில் போய்விட்டாள். நானும் பூமியும் டவுன் பஸ்ஸில் வந்தோம். டிக்கெட் அவன்தான் எடுத்தான். பஸ் பெரியார் நிலையத்தைத் தாண்டியது.

"ஏன்டா போலீஸ்ல மாமா பேரச் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா வீட்டுக்குள்ள வந்து மாமாவ விசாரிப்பாங்கள்ல. ஏற்கெனவே மூச்சு முட்டிக்கிட்டுக் கெடந்தாங்க."

"உசுரு போற நேரத்துல அவுகளுக்கு அந்த வெடி மேல அப்பிடி என்ன ஆசை?"

பூமி என்னைத் திரும்பிப் பார்த்தான். "மாமா உங்ககிட்டச் சொல்லலையா?"

"என்னத்த?"

"அவங்களுக்காக இல்லத்தை. உங்களுக்குத்தான். 'ஒங்க அத்தை மூணு மாசமா இந்த மிஷினத்தான் பாத்துக்கிட்டு இருக்கா, அவ கண்ணுக்கு முன்னாடி ஏதாச்சும் ஒரு வெளிச்சத்தக் காட்டுடா'ன்னாங்க. பொகை வராம மேல போயி வெடிக்கிறதா வாங்கச் சொன்னாங்க. பெரிசு ஒண்ண மட்டும் கடைசில வையி, நான் அவள ஜன்னலுக்குக் கூப்புடுறேன், அவ வந்ததும் பத்த வையின்னாங்க."

பஸ் சிக்னலில் நின்றது.

"நீங்க வந்தீங்க. வச்சேன்" என்றான்.

முன் சீட் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன். இறங்கும்போது என் பையை வாங்கிக்கொண்டான்.

ஜனவரி 18, ஞாயிறு

பொங்கல் முடிந்து பூமி ஓசூருக்குப் போய்விட்டான். கம்பெனி வேலை. மறுபடி பரீட்சை எழுத அடுத்த வருஷமும் வயது இருக்கிறதாம். எழுதுவான் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்தக் கேஸ் கூடவே போகும் என்கிறார் வக்கீல்.

இன்று காலை ஜோதி வீட்டுக்குப் போனேன். இடியாப்பம் வாங்கத்தான் என்று சொல்லிக்கொண்டேன். அடுப்படியில் அவள் ஒருத்திதான். மாவு பிசைந்த சட்டி பக்கத்தில் இருந்தது. பிழிகிற வேலை எப்போதும் பூமியுடையது. அவளுக்குத் தோள்பட்டை வலி. ஒரு தட்டுப் பிழிந்துவிட்டுக் கையை உதறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

என்னைப் பார்த்தும் எழவில்லை. "அண்ணனும் போயிருச்சு. என் புள்ளையும் போயிட்டான்" என்றாள். "தெரு இப்ப அமைதியாத்தான் இருக்கு. இதத்தானே கேட்டீங்க?"

குரலில் கோபமே இல்லை. கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன்.

வாசலில் ஒரு ஆள் பாத்திரத்தோடு வந்து நின்று, "அக்கா, பத்து இடியாப்பம்" என்றார். ஜோதி பிழிகிற குழலை எடுக்கக் கை நீட்டினாள். நான் உட்கார்ந்து அதை எடுத்து மாவை அடைத்தேன். மாவு ஆறி இறுகிக் கிடந்தது. இரண்டு கையாலும் அழுத்தித்தான் பிழிய வேண்டியிருந்தது. முதல் சுற்று கோணலாக விழுந்தது.

ஜோதி அதைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த தட்டை என் முன்னால் தள்ளிவிட்டு, அடுப்பில் தீயைக் கூட்டப் போனாள்.